நாற்பத்தொன்றில் தாள் தீர்ந்தது

கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு.
ஐஸ் பேக்டரி ரசீதின் பின்பக்கம்
எண் போட்டு வரைகிறான் தவசீலன்.
நாற்பத்தொன்றில் தாள் தீர்ந்தது.
மீதியை, மேசையில் சிந்திய டீயில்
விரலால் இழுக்கிறான்.

கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு
ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்.
கேப்பர் மலை பெயருக்குத்தான் மலை,
இன்ஜின் சூடாவதற்குள்
ஜெயில் மதில் வந்துவிடும்.

சனி ராத்திரி ரெண்டு மணிக்குக் கிளம்பினால்
விருத்தாசலத்தில் பெட்ரோல்,
ஆத்தூரில் வெளிச்சம்.
காரவள்ளியில் இட்லி கிடைக்குமா, தெரியாது.
பிரேக் ஷூ மாற்ற வேண்டும்.
அவனிடம் ஜெர்க்கின் இருக்கிறது.
எனக்கு அவன் அண்ணனுடையது, கை நீளம்.

"ஏறும்போது நீ ஓட்டு" என்றேன்.
"இறங்கும்போது நான்."

விரல் நின்றது.
ஐம்பத்தாறாம் வளைவு
பாதியிலேயே காயத் தொடங்கியது.
போன வாரம் மேம்பாலச் சரிவில்
நான் கிளட்ச் விட்ட விதம்
ஞாபகம் வந்திருக்கும் அவனுக்கு.
எனக்கும்தான்.

துணியோடு வந்த கடைக்கார அக்கா
மேசையைப் பார்த்து நின்றாள்.
"இது எந்த ஊருக்குப் போற வழி?"

"இருங்கக்கா, துடைச்சிடாதீங்க,
இன்னும் பதினாலு இருக்கு" என்றவன்
டீ டம்ளரை
என் பக்கம் நகர்த்தினான்.