பதினேழு ஏ

எம்.சி. ரோட்டில்
ஆடித் தள்ளுபடி கத்தும் ஒலிபெருக்கிக்கு
நேர் மேலே என் அறை.
ஒரு சட்டகத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பூஞ்சை பிடித்ததென்றால் பதினெட்டு.
கடலை ஒட்டிய ஊரில்
பாதி நெகட்டிவ் பதினெட்டு ரூபாய்தான்.

தேசிங்கு காசிமேட்டிலிருந்து வந்தார்.
மஞ்சள் பையில் பால்பவுடர் டப்பா,
டப்பாவுக்குள் தபால் உறை,
உறைக்குள் ஒற்றைத் துண்டு ஃபிலிம்.
"பிரிண்டு செவுத்துல இருந்துச்சி.
தண்ணி வந்தப்ப செவுத்தோட பூடுச்சி."

வெளிச்சப் பெட்டியில் வைத்தேன்.
ஆரஞ்சு நிறத்தில் கடல்.
கரையில் தாவணி கட்டிய பெண்
பல் கறுப்பாய், தலைமயிர் வெளுப்பாய்ச் சிரிக்கிறாள்.
"தங்கச்சி. அவளுக்கோசரம் வரல."
நகம் மேலே போய் ஓரிடத்தில் நின்றது.
"இந்தா, கடல் முடியற எடத்துல. புள்ளி மாரி.
அதான் எங்க நைனா."

கேமராவைக் கண்டால்
வலைக்குவியலுக்கு அந்தப் பக்கம் போய்விடுவாராம்.
செத்தபோது ஒட்டிய போஸ்டரில்
படம் வேண்டிய இடத்தில்
அச்சகத்தார் ஒரு குத்துவிளக்கைப் போட்டுக் கொடுத்தார்களாம்.

தள்ளுபடி அடங்கிய பிறகு வேலையைத் தொடங்கினேன்.
கையுறை. ஊதுபந்தால் மூன்று ஊது.
கண்ணாடிக்கு அடியில் விளக்கு
நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது.
வண்ணங்களைப் புரட்டினேன்,
ஆரஞ்சைக் கழித்தேன்,
கடல் கடலாயிற்று.
தாவணிக்கு அரக்கு.
தூரத்தில் அந்தப் புள்ளி, வெள்ளையாய்,
காற்றுப் பிடித்த பாய் போலத்தான்.

இன்னொரு கண் உண்டு என் ஸ்கேனருக்கு.
அகச்சிவப்பு.
அதற்குச் சாயம் தெரியாது.
கடலை, தங்கச்சியை, வானத்தை
எல்லாம் ஊடுருவிக்கொண்டு போய்விடும்.
ஃபிலிமின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது எதுவோ
அது மட்டும்தான் அதன் பார்வையில் படும்.
அந்தப் படத்தைத் திறந்தேன்.
வெறும் சாம்பல் வெளி.
ஒரு கீறல். ஒரு மயிரிழை. பூஞ்சையின் வேர்கள்.
கடல் முடியும் இடத்தில்,
சரியாக அங்கே,
கறுப்பாக

தூசி.
லேபில் கழுவிக் காயப்போட்ட அன்று
ஈரத்தில் வந்து உட்கார்ந்தது.
யார் சட்டை நூலோ, யார் தோலோ,
பசையோடு சேர்ந்து உலர்ந்துவிட்டது.
பிரிண்டிலும் விழுந்திருக்கும்.
முப்பத்தைந்து வருடம்
வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச்
சாம்பிராணி காட்டியிருப்பார்கள்.

தூசி நீக்க ஒரு பொத்தான் இருக்கிறது.
அமுக்கினால் ஒன்றையும் விடாது.
அதனால் அமுக்கவில்லை.
கையாலேயே இறங்கினேன்:
கீறலுக்குப் பக்கத்து வானம்,
மயிரிழைக்குப் பக்கத்து அலை,
பூஞ்சை தின்ற கன்னத்துக்கு
மறு கன்னத்திலிருந்து ஒரு துண்டு.
மணி ஒன்றரை.
துடைத்ததற்கு ரசீது உண்டு.
துடைக்காமல் விட்டதை எந்தக் கணக்கில் எழுத?
புளுகு என்றால் புளுகு.
தாவணி அரக்கு என்பதும்
என் ஊகம்தானே.

சனிக்கிழமை வந்தார்.
பெரிசாக்கச் சொன்னார்.
இன்னும். இன்னும்.
திரையில் கட்டம் கட்டமாய் உடைந்தது புள்ளி.
நான் வாயைத் திறந்தேன்.
"கீழ் முனையில பாரு மேடம்,
கருப்பா ஒரு சதுரம் தெரியுதா?
மைதா மூட்டைத் துணில போட்ட ஒட்டு.
அந்த வருசம் பாய் கிழிஞ்சி
நானும் நைனாவுந்தான் தெச்சோம்.
கோணூசி ஏறிடுச்சி."
கட்டைவிரலை நீட்டினார்.
தழும்பு இருந்தது.

படத்தை பென்டிரைவில் ஏற்றினேன்.
சாம்பல் கோப்பை ஏற்றவில்லை.
அது என்னிடமே இருக்கிறது,
இன்னும் பெயர் வைக்கவில்லை.

"பன்னெண்டா, பதினெட்டா?" என்றார்.
பூஞ்சை இல்லை என்றேன்.