உச்சரிப்பு

நெவா உறைந்த இரவு.
மகாராணியின் சீட்டு மேசையில்
இரண்டாம் ஆட்டத்துக்கும் மூன்றாம் ஆட்டத்துக்கும் நடுவே
போர்முனைப் பட்டியலைப்
பிரெஞ்சு மூக்கால் வாசித்தார் தளபதி.

"நிக்கந்தர் ஸ்வெனாத்தின்."

"ஸ்வெனியாத்தின்" என்று திருத்தினாள் க்ளஃபீரா,
கைச்சீட்டைக் கவிழ்க்காமல்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
அடுத்த பெயருக்குப் போனார் அவர்.

வாசலில் காவல் நிற்பவன் அவள் வீட்டுக் கடைக்குட்டி.
தலை திருப்பக் கூடாது.
சரவிளக்கு மெழுகு சொட்டியது அவன் தலைக்கவசத்தில்.
ஒரு சொட்டு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒன்று.

அன்று அவளுக்குப் பதினோரு ரூபிள் ஜெயம்.

அரண்மனையில் கறுப்பு உடுத்தத் தடை.
அறைக்குப் போய்
பாவாடையின் உள்மடிப்பில்
கறுப்பு நூலால் ஒரே ஒரு தையல் போட்டாள்.
விடியுமுன் அதையும் பிரித்தாள்:
சலவைக்காரி கோள் சொல்வாள்.