நான்சே பட்டை, மூன்றாம் முறை

மெரிடா நகரில் இரவு பதினொன்று.
கிறிசாந்தோ நோ கண்ணாடித் தட்டுகளை
விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார்,
கள்ள நோட்டோ என்று பார்ப்பதுபோல.
தட்டு முழுக்கக் கிருமிகள், ஆடை படிந்த பால்.
நடுவில் பட்டைக் கஷாயத்தில் ஊறிய காகித வட்டு.
அதைச் சுற்றி வெற்று வளையம் ஒன்று
விழுந்திருக்க வேண்டும்.
விழவில்லை.
விளிம்புவரை வந்து
வட்டோடு தோளுரசி நிற்கின்றன கிருமிகள்.

மூன்றாம் முறை.

சாராயத்தில் ஊறவைத்த பட்டைக்கு
ஒன்பது மில்லிமீட்டர் கிடைத்தது.
பக்கத்துத் தட்டில் கடை மருந்துக்கு இருபத்து நான்கு.
"சாராயத்தை யார் குழந்தைக்குக் கொடுப்பார்கள்?"
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதுகிறார், அடிக்கிறார்,
அடித்ததற்குக் கீழே மறுபடி எழுதுகிறார்.

ஸ்பானிய மொழியில் இந்த மரம் நான்சே.
மாயா மொழியில் சி.
வாய்க்கும் அங்கே அதே சொல்.
நான் எழுதும் மொழியிலோ அது
மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வது.
அதுவும் பொருந்தும்:
கோலிக்குண்டு அளவில் மஞ்சள் பழம்,
கனிந்தால் கெட்டுப்போன பாலாடைக்கட்டி வாடை.
ஒருமுறை வாயில் போட்டவர்கள் மட்டும்
விடமாட்டார்கள்.

ஓஷ்குட்ஸ்காப் சந்தையில்
பழத்தைப் பாகில் ஊறப்போட்டு பாட்டிலில் விற்கிறாள்
லாண்டி துயூப், வயது முப்பத்தொன்று.
பட்டை வேண்டுமென்றால் கேட்க வேண்டும்,
கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் தருவாள்.

இரண்டு ஆண்டுக்கு முன்
கேள்வித்தாளோடு ஒரு மாணவன் அவளிடம் போனான்.
தாளில் கட்டங்கள் இருந்தன:
காய்ச்சல், வலி, கிருமி, பிற.
வயிற்றுப்போக்கு என்றால் கிருமிதானே?
டிக் அடித்தான்.
அந்த ஒரு டிக்கிலிருந்து முளைத்தவை
நூற்று நாற்பது தட்டுகளும்
ஒரு மானியத்தொகையும்
நோவின் இந்தத் தூக்கமின்மையும்.

பழைய ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கிறார்.
கோழிகள். லாரி ஹாரன்.
யாரோ தக்காளிக்குப் பேரம் பேசுகிறார்கள்.
பதினேழாம் நிமிடத்தில் அவள் குரல்:
"கொல்லாது. எதையும் கொல்லாது.
கட்டும்."
மாணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு
அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறான்.

ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது.
நோ ஒரு துண்டுப் பட்டையைக் கடிக்கிறார்.
துவர்ப்பு.
கன்னங்கள் உள்ளே இழுக்கின்றன,
நாக்கு கம்பளியாகிறது,
பல்லுக்கும் உதட்டுக்கும் இடையில்
யாரோ சுருக்குக் கயிற்றை இறுக்குகிறார்கள்.
மரத்துக்கு ஏன் வாயின் பெயர் என்று
யாரும் அவரிடம் சொன்னதில்லை.
அதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம்.

அதன்பின் எலிகள்.
கரித்தூள் கலந்த கஞ்சியைக் குடிக்கவைத்து
குடலில் கறுப்பு எவ்வளவு தூரம் ஓடியது என்று அளப்பது.
வெறும் தண்ணீர் குடித்தவற்றில் முக்கால் தூரம்.
கஷாயம் குடித்தவற்றில் பாதி.
அளக்க வேண்டுமென்றால் அறுக்க வேண்டும்.
எதையும் கொல்லாத பட்டைக்காக
பதினாறு எலிகள் செத்தன.

அச்சான தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
நோ பஸ் ஏறுகிறார்.
இரண்டு மணி நேரம், முழங்காலில் யாருடைய வாத்தோ.
லாண்டி பாட்டில்களைத் துடைத்தபடி கேட்கிறாள்.
"கட்டும் என்றுதானே சொன்னேன்?"
"ஆமாம். இப்போது சான்று இருக்கிறது."
"எத்தனை எலி?"
"கஷாயம் குடித்தவை எட்டு."
ஈரத்துணியைப் பிழிகிறாள்.

"போன மழைக்காலம் எங்கள் தெருவில் பதினொரு குழந்தைகள்.
ஒன்பது, மூன்றாம் நாளே பந்து விளையாடின.
ஒன்று இளைத்துப்போய்த் தேறியது.
ஒன்றுக்குக் கட்டவில்லை.
கண் குழி விழுந்துவிட்டது.
டாக்ஸி பிடித்து டெகாக்ஸ் ஆஸ்பத்திரிக்கு
நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்,
நரம்பில் உப்புநீர் ஏற்றினார்கள்.
எழுதிக்கொள்கிறீர்களா?"

நோ பேனாவைத் தேடுகிறார்.

"அந்தக் கடைசி ஒன்றையும்.
தனிக் கட்டத்தில் வேண்டாம்.
அதே வரிசையில்."