வத்தம் பார்த்து

நான் மருந்தாளுநர். எண்ணுவது என் தொழில்.
பாரசிட்டமால் பத்துப் பத்தாய்,
இரும்புச்சத்து முப்பது முப்பதாய்.
இதையும் எண்ணித்தான் சொல்வேன்:
டாக்டர் மெஹராஜ் முந்தலுக்கு வந்த முதல் மாதம்
புறநோயாளிகள் நூற்றுப் பதினொன்று.
அதில் பாசி எடுக்கிற பெண்கள் மூன்று.

"மூணு பேரா? ஊரே பாசிக்குத்தானே போகுது?"
நான் சன்னலைக் காட்டினேன்.
ஒன்பதிலிருந்து பன்னிரண்டு எங்கள் நேரம்.
அந்நேரம் கடலுக்கு மேலே
தலைகள்தான் தெரியும், அதுவும் விட்டு விட்டு.

மறுநாள் பலகையில் இருந்த நேரத்தை
ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தே அழித்தார்.
கரித்துண்டால் எழுதினார்:
வத்தம் பார்த்து.

கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று
ரோக்கம்மாள் வந்து கத்திவிட்டுப் போவாள்.
அமாவாசையை ஒட்டி ஒரு கணக்கு,
எட்டாம் பிறைக்கு இன்னொன்று,
கச்சான் அடித்தால் ரெண்டும் பொய்.
தண்ணி ஏறி அவர்கள் கரைக்கு வந்தால்
நாங்கள் கதவைத் திறப்போம்.
சில நாள் மதியம் மூன்று. சில நாள் இரவு எட்டு.

ராமநாதபுரத்திலிருந்து மெமோ:
வேலை நேரம் ஏன் நிலையாக இல்லை?
பதிலை நான்தான் தட்டச்சு செய்தேன்.
வேலை செய்கிறவர்களின் நேரம் நிலையாக இல்லை.
இணைப்பு: அந்த மாதத்து வத்தக் கணக்கு,
ரோக்கம்மாளின் கைநாட்டோடு.

வந்தார்கள்,
உப்புக் காயாத தலையோடு, விரல்களை மடியில் ஒளித்து.
மரிக்கொழுந்துப் பாசி. பேரில்தான் மணம்.
பாறையின் பல்லுக்குள் விரலைக் கொடுத்துப்
பிடுங்க வேண்டும்.
நகக்கண் வெளுத்து உள்ளே சீழ்.
அதன்மேல் கிழிசல் சேலைத் துண்டு,
போன வாரத்துச் சுற்று,
அதற்கடியில் அதற்கும் முந்தின வாரம்.

டாக்டர் தன் சம்பளத்தில் கையுறை வாங்கினார்.
ரப்பர், நீலம், அறுபது ஜோடி.
பத்தாம் நாள் நான் எண்ணப் போனேன்.
இரண்டு, கருவாட்டுக்கு உப்புத் தடவ.
ஒன்றில் காற்றடைத்து
ஒரு பயல் பசு மடி செய்திருந்தான், ஐந்து காம்போடு.
மிச்சமெல்லாம் மடிப்புக் கலையாமல்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒருமுறை.
"ஒரு நா எங்களோட வாங்க" என்றாள் ரோக்கம்மாள்.

போனார்.
சுடிதாருக்கு மேல் யார் வீட்டு ஆம்பளைச் சட்டையோ.
எதிரே நல்லதண்ணித் தீவு.
நல்ல தண்ணி தீவின் பேரிலாவது இருக்கிறது,
எங்கள் குழாயில் அதுகூட இல்லை.
கழுத்தளவில் கையுறைக்குள் கடல் புகுந்து
விரல் ஊதி
பாசி எது பாறை எது என்றே தெரியவில்லையாம்.
கழற்றினார்.
கட்டைவிரல் கிழிந்தது.
ரோக்கம்மாள் பல்லால் முந்தியைக் கிழித்துச் சுற்றிவிட,
கரையில் நர்ஸ் இன்பசெல்வி தைத்தாள்.
நான்கு தையல்.

அதற்குப் பிறகு கையுறைப் பேச்சே இல்லை.
பழைய சேலை கேட்டு வீடு வீடாகப் போனார்.
"பருத்தி மட்டும், பாலியெஸ்டர் வேண்டாம்."
இரண்டு விரல் அகலம், ஒரு முழ நீளம்.
கத்தரியும் இடுக்கியும் வேகிற அதே கலத்தில்
பழுப்புத்தாள் பொட்டலங்களாக
சேலைகளும் வேகின்றன.
வாசலில் ஒரு கூடை.
கடலுக்குப் போகிறவள் போகிற வாக்கில் எடுத்துக்கொள்வாள்.

போன வியாழன் தணிக்கைக்காரர் வந்தார்.
இது எந்தத் தலைப்பு?
உபகரணமா, மருந்தா, நன்கொடையா?
பதிவேட்டில் அந்தக் கட்டம் இன்னும் காலி.
டாக்டரைக் கேட்டால்,
"எண்ணுறது நீங்கதானே, நீங்களே ஒரு பேர் வைங்க."

எனக்கு வரவில்லை.
நகக்கண் சீழ் இந்த மாதம் ஒன்பது.
போன வருடம் இதே மாதம் எவ்வளவு என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
குறைந்திருக்கிறது என்று சொல்ல
எனக்கு உரிமையில்லை.

இன்று பௌர்ணமிக்கு மறுநாள்.
விளக்கு வைத்து வெகுநேரம் ஆகிவிட்டது.
வயிற்றுவலி என்று வந்தவளின் மணிக்கட்டை
டாக்டர் பிடித்திருக்கிறார்.
தழும்பு உரசியிருக்க வேண்டும்.
அவள் அந்தக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்க்கிறாள்.
"எந்தப் பாறை? முனைக்குக் கிழக்கயா?"
"நீ நாக்கை நீட்டு."

உள்ளறையில் கலம் விசிலடிக்கிறது.
யாருடையதோ கல்யாணச் சேலையாம்,
சாயம் விட்டிருக்கும்.
போய் அடுப்பை அணைக்க வேண்டும்.