நூல் கடிக்கிற பல்

வாயை மூடினாலும்
முன்னால் ஒரு யன்னல் திறந்தபடியே கிடக்கும் எனக்கு.
மேல்வரிசை கீழ்வரிசையைத் தொட்டதேயில்லை.
நாலு மில்லிமீற்றர்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத்தெருவில்
பிளவுஸ் தைக்கிற கடை.
மற்றவர்கள் முன்பல்லால் நறுக்கென்று நூலைக் கடித்தெறிய,
நான் அதைக் கடைவாய்க்குக் கொண்டுபோய் அறுப்பேன்.
ஆடு மாதிரி, என்பாள் றிஸ்மினா.
மாலுபாணைக் கடித்தால்
நடுவில் ஒரு நாக்கு மிஞ்சும்.

காதடியில் சத்தம் தொடங்கியது போன வருஷம்.
கொட்டாவி விட்டால் டக்.
பஸ் குழியில் விழுந்தால் டக்.

பல் ஆஸ்பத்திரியில்
ஒரு யந்திரம் என் தலையைச் சுற்றிவந்து
என்னை மெல்லிய துண்டுகளாக அரிந்தது.
டொக்டர் தர்மகுலசிங்கம் திரையைத் திருப்பினா:
இது தாடையின் மூட்டுத்தலை,
இது அது உட்காருகிற குழி.
உருண்டிருக்க வேண்டியது
மேலே தட்டையாகி,
பாவித்து முடிந்த சவர்க்காரத் துண்டு போல
(அவ அப்படிச் சொல்லவில்லை, நான் சொன்னேன்)
நடுவில் நில்லாமல் முன்னுக்குச் சரிந்து.

முன் இடைவெளி, மேல் இடைவெளி, பின் இடைவெளி
என்று மூன்று கோடு கீறினா.
அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.
தோள், மார்பு, இடுப்பு.

எனக்கு முன்னே போனவர் செபமாலை,
பேலியகொடையில் மீன் ஏலம் கூறுகிறவர்.
சிரித்தால் கீழ்ப்பல் ஒன்றும் தெரியாது;
அவ்வளவும் மேல்வரிசைக்குப் பின்னால் ஒளிந்து
அண்ணத்தைக் குத்துதாம்.
அவருடைய குழியின் சரிவு செங்குத்து,
மூட்டு பின்னுக்கு ஒதுங்கி நிற்குதாம்,
தானே பெருமையாகச் சொன்னார்,
புது மோட்டார்சைக்கிளைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் கேட்டேன்:
பல்லாலே மூட்டு இப்படி ஆனதா,
மூட்டாலே பல்லா?

அவ பேனையை மூடித் திறந்தா.
ஒரு படத்தை வைத்துக்கொண்டு
எது முதல் என்று சொல்ல ஏலாது, என்றா.
எல்லாருக்கும் ஒரேமாதிரியும் இல்லை.

எனக்கு அது பிடித்திருந்தது.
கை இழுக்குது என்று பிளவுஸைக் கொண்டுவருவார்கள்.
பிரித்துப் பார்த்தால் கையில் பிழையிராது,
தோளில் இருக்கும்.
சிலவேளை தோளிலும் இராது,
ஆள் பதினைந்து வருஷம்
ஒரே பக்கத்தில் பை கொழுவியிருப்பாள்.

இரவில் போட ஒரு தட்டுச் செய்ய வேண்டும்.
மாசம் இரண்டு தரம் வரவேண்டும்.
முதலாளியிடம் எப்படி லீவு கேட்பது?

திரும்பும் பஸ்ஸில்
காதுக்கு முன்னால் விரலை வைத்து
மெல்ல வாயைத் திறந்தேன்.
உள்ளே ஒன்று இடம் மாறியது,
பெட்டிக்குள் பூனைக்குட்டி புரளுவது போல.
கொண்டக்டர் கை நீட்டினான்.
சில்லறை இல்லை, என்றேன்.
அந்தச் 'சி' வழக்கம்போல
யன்னலால் போய்விட்டது.
இன்னொருக்கால் சொல்லச் சொன்னான்.