முப்பத்தோராம் எண் பழம்

பண்பொழித் தோப்பில் சாரல் இறங்கினால்
ஊருக்குக் குளிரும். எனக்கு வயிறு எரியும்.
சாரலோடு சேர்ந்துதான் அவளும் இறங்குவாள்:
பழ ஈ.
கோதுமை மணி அளவு உடம்பு,
கண்ணாடிச் சிறகு, இடுப்பில் மஞ்சள் வார்,
பின்னால் ஓர் ஊசி.

போன வருஷம் அம்பாசமுத்திரம் வியாபாரி
ஒரு பஞ்சவர்ணத்தைப் பிளந்தார்.
நெளிந்தது ஒன்றுதான்.
"லோடைத் திருப்பிக்கிடுங்க யம்மா."
நாற்பது பெட்டியும் திரும்பி வந்தது.
குத்தகைப் பணம் வரவில்லை.

இந்த வருஷம் வேறு சமையல்.
சோற்றுக்கற்றாழையை வகுந்து,
மஞ்சள் நீர் வடியவிட்டு,
வழுவழுப்பை மட்டும் வழித்தெடுத்து
மரவள்ளிமாவுக் கஞ்சியில் கலந்தேன்.
தேன்மெழுகு ஒரு நெல்லிக்காய் அளவு.
வேப்பெண்ணெயும் சொட்டினேன்.
"மாம்பழமா, மருந்தா?" என்றான் மகன்.
வேப்பெண்ணெயை விட்டுவிட்டேன்.

முதல் தடவை கஞ்சி கெட்டியாகிப்போனது.
மூன்றாம் நாள் பழத்துக்கு மூச்சு முட்டி
உள்ளே கள் வாடை.
பறித்த பின்னும் பழம் சுவாசிக்கும் என்று
ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள்தான் நான்.

பிறகு நீர்க்கக் காய்ச்சினேன்.
விரலை முக்கி எடுத்தால் ரேகை தெரிய வேண்டும்,
அந்தப் பதம்.
கம்பி வலையில் வைத்து, மின்விசிறியில் உலர்த்தி,
எண் எழுதி, கொசுவலைக்குள் அடுக்கினோம்
நானும் மாடத்தியும்.
பாதி பூசியது, பாதி பூசாதது.
ஈக்களையும் நாங்களே பிடித்து விட்டோம்.
"விருந்தாளிக்கு வாசலைத் திறந்துட்டு
எலையை மூடி வைக்கியளே" என்றாள் மாடத்தி.

ஒருத்தி வந்து உட்கார்ந்தாள், பூசிய பழத்தில்.
முன்கால்களைத் துடைத்துக்கொண்டாள்.
வாசம் இருக்க வேண்டிய இடத்தில் வாசமில்லை.
ஊசியை ஊன்றிப் பார்த்தாள், வழுக்கியது.
இன்னொரு முறை.
வீட்டு எண் சரி, பூட்டு வேறு என்று
திகைக்கும் வாடகைக்காரி போலக்
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.
நான் கைதட்டவில்லை.
நிறைசூலி அவள்.

ஒன்பதாம் நாள் அறுத்தோம்.
பூசாதவற்றில் எண்ணி மாளவில்லை.
பூசியதில் ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
மாடத்தி கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.
முப்பத்தொன்று,
எல்லாவற்றிலும் மினுமினுப்பானது,
கத்தி இறங்கியதும்
கொட்டையை ஒட்டிப் பதினோரு புழு,
கொழுத்து, சௌக்கியமாக.

நான் முக்குவதற்கு முன்பே,
மரத்திலேயே வந்து போயிருக்கிறாள்.
பூச்சின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது:
வெளியே இருந்ததை வெளியே நிறுத்தியது.
உள்ளே இருந்ததற்கும் காவல் நின்றது.

மறுநாள் கைத்தெளிப்பானில் கஞ்சியை ஊற்றி
காய் இன்னும் கல்லாகத் தொங்கும் மரத்துக்கு
ஏணி சாத்தினோம்.
அரை மரம் முடியவில்லை,
திருமலைக் கோயில் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
கற்றாழையும் மாவும் கரைந்து
தண்டு வழியே இறங்கின.
எறும்புகளுக்குப் பாயசம்.

நனைந்துகொண்டே உள்ளே ஓடி
முப்பத்திரண்டைக் கழுவாமல் கடித்தேன்.
பூச்சுக்கு ருசியே இல்லை.
பழத்துக்கு இருந்தது.
சட்டியை மூடும்போது மாடத்தியிடம் சொன்னேன்:
நாளைக்கு மெழுகைக் கொஞ்சம் கூட்டணும்.