மின்தடை நாள்

லேப்டாப் வாங்கட்டுங்களா, டெஸ்க்டாப்புங்களா என்று
கருமத்தம்பட்டியிலிருந்து ஒரு பையன் போனில் கேட்கிறான்.
பத்து வருசம் இரண்டோடும் குடித்தனம் நடத்துகிறவன் என்று
யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பி, பக்கத்துச் செட்டில் எத்தனை தறி? என்றேன்.
சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை.

சோமனூரில் என் அறைக்குச் சுவர் ஒட்டி
ரங்கண்ணன் செட்டில் பன்னிரண்டு தறி.
டடக் டடக் என்று எழுதினால் அது பொய்.
பன்னிரண்டும் பன்னிரண்டு வேகம்,
எந்தத் தாளக்கட்டுக்கும் வராது.
முட்டை அட்டை, பஞ்சு மெத்தை, பழைய ஜமுக்காளம்
எல்லாம் சுவரில் ஒட்டியாயிற்று.
மைக் அத்தனையும் தாண்டிக் கேட்கிறது.

சீட்டு எடுத்துக் கட்டிய டெஸ்க்டாப்
மேசைக்கடியில் எருமை மாதிரி படுத்திருக்கும்.
எண்பத்து நான்கு டிராக், டிராக்குக்கு நாலு எஃபெக்ட்,
வயலின் கூட்டமே வந்து மெமரியில் உட்கார்ந்தாலும்
அசை போடுமே தவிர மூச்சு வாங்காது.
பஃபர் அறுபத்து நான்கு.
பாடுகிறவர் வாய் திறந்ததும்
ஹெட்போனில் குரல் நிற்கும்.

அதே பாட்டை லேப்டாப்பில் திறந்தால்
இருபதாவது டிராக்கில் விசிறி எழும்பும்,
முப்பதில் மடி சுடும்,
நாற்பதில் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு
சித்தெ இருங்க என்கும்.
பஃபரை ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றினால்
படபட வெடிப்பு நிற்கும். ஆனால் பாடுகிறவர்
தன் குரல் பின்னால் வந்து சேரட்டும் என்று
நின்று நின்று நடப்பார்.

இவ்வளவுதான் கணக்கென்றால்
போனை அப்போதே வைத்திருப்பேன்.

சுகந்தாமணி அந்தச் செட்டில்தான் தறி ஓட்டுகிறாள்.
தறிக்கு மேலே பாடிப் பழகிய தொண்டை.
அந்தக் குரல் எனக்கு வேண்டியிருந்தது.
தறி ஓடுகையில் அவளால் வர முடியாது,
தறி ஓடுகையில் என்னால் பதிய முடியாது.

மாதம் ஒரு நாள் பராமரிப்பு மின்தடை,
காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை.
ஒன்பதானதும் ஊர் பேச்சை மறந்தது.
காக்காய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.
டெஸ்க்டாப்பும் நின்றது.
யூபிஎஸ் பதினோரு நிமிடம் கூவிவிட்டுப் போய்விட்டது.
தறிக்கும் அதற்கும் ஒரே கம்பி.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செட்டுக்குள் போனேன்.
மூன்றே டிராக்: சுருதி, தாளம், அவள்.
மைக்குக்கும் அதுவே கரண்ட் கொடுத்தது.
அடியில் காற்று போக நாலு நூல் கோன்மேல் நிறுத்தினேன்.
பஃபர் அறுபத்து நான்கு, நம்புங்கள், விசிறி வாயே திறக்கவில்லை.
பேட்டரி இரண்டே கால் மணி நேரம் என்றது.
அது சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுகந்தாமணி முதலில் கத்தினாள்.
மெதுவாப் பாடுங்க என்றேன்.
இதுக்கும் கீழ போனா என்ற காதுக்கே கேக்காதுங்க.
ஹெட்போனைக் கொடுத்தேன்.
நாலு வரி பாடி நிறுத்திவிட்டு,
இது யாருங்க? என்றாள்.

ஏழாவது டேக்கில், ஒன்பது சதவீதத்தில், முடித்தோம்.

நான்கு மணிக்குப் பன்னிரண்டும் எழுந்தன,
மேசைக்கடியில் எருமையும்.
அவள் குரலை நடுவில் வைத்து
எண்பத்து நான்கையும் சுற்றி நிறுத்திப் பார்த்தேன்.
ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினேன்.
விடிகிறபோது பதினொன்று மிச்சம்.

பதினொன்றை லேப்டாப்பே இழுத்திருக்கும்.

பையன் இன்னும் லைனில் இருக்கிறான்.
தறி இல்லீங்கண்ணா, எங்க பக்கத்துல கோழிப்பண்ணைங்க என்கிறான்.

கோழிக்குப் பராமரிப்பு நாள் கிடையாது.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.